பன்னிரண்டரைக் கப் பால்

பொன்னுத்தாய்க்குக் கல்யாணம் என்று தெரிந்ததும் ஆசிரமத்தில் முதலில் எழுந்த கேள்வி, அன்றைக்குப் பாயசம் யார் வைப்பது என்பதுதான்.

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்தச் சின்ன ஆசிரமம். பத்தொன்பது வருடமாக அதன் அடுப்படி பொன்னுத்தாயின் கையில் இருந்தது. ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் பாயசத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயதில், வாழைத்தோட்டம் வைத்திருந்த தவசி என்பவர் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பிக் கேட்டார். அவள் மூன்று நாள் யோசித்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே சரி என்றாள்.

ஆசிரமத்தின் குரு பூரண அடிகளுக்கு நாற்பது வயது. சாப்பாட்டில் ஆசை உள்ளவர். அதை மறைக்கிற வழக்கமும் இல்லை.

"கல்யாணத்தன்னைக்கு நீங்க அடுப்படி வாசலையே மிதிக்கக் கூடாதும்மா" என்றார்.

"சரி சாமி. ஆனா பந்தியில எம் பாயசம்தான் இருக்கணும். வேற யாரு பாயசமும் வேண்டாம்" என்றாள் பொன்னுத்தாய்.

"நீங்க வைக்காம உங்க பாயசம் எப்படி வரும்?"

பொன்னுத்தாயின் கண் கலங்கிவிட்டது. அப்போது பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த செண்பகவல்லி நிமிர்ந்தாள்.

"நான் வரவைக்கிறேன். அது என் பொறுப்பு" என்றாள்.

செண்பகவல்லி அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் மருந்து கொடுத்தவள். ஓய்வு பெற்றபின் அடிகளின் பேச்சை ஒருநாள் கேட்க வந்து, அப்படியே தங்கிவிட்டாள். அடிகளைவிட இருபத்திரண்டு வயது மூத்தவள். ஆனாலும் அவளே சீடர், அவரே குரு. ஊர்ப் பெண்கள் அவளை மருந்தம்மா என்பார்கள். சொட்டுக் கணக்குத் தப்பாதவள். குளிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் ஊற்றிக்கொள்வாள் என்று கேலி பேசுவார்கள்.

மறுநாள் காலையில் அவள் தன் பெட்டியிலிருந்து கோடு போட்ட அரை லிட்டர் கண்ணாடிக் குவளையை எடுத்துவந்தாள்.

"பொன்னுத்தாயி, எப்பவும் போல பாயசம் வை. ஆனா அடுப்புல போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் இதுல போட்டுக் காட்டிட்டுப் போடு."

"நான் கண்ணளவுல போடுதவ, மருந்தம்மா. எனக்கே எவ்வளவுன்னு தெரியாது."

"உனக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஆறு நாள் பொன்னுத்தாய் பாயசம் வைத்தாள். ஆறு நாளும் செண்பகவல்லி குனிந்து கோட்டைப் பார்த்து எழுதினாள். அடிகள் ஆறு நாளும் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். ஏழாம் நாள் நோட்டில் கணக்கு முடிந்தது. பச்சரிசி இருநூற்றைம்பது மில்லி. பால் மூவாயிரம் மில்லி. சர்க்கரை ஐந்நூறு மில்லி. ஏலக்காய், நெய், முந்திரி தனி.

கல்யாணத்துக்கு அடுப்படி பார்க்க ஊரிலிருந்து இரண்டு பேர் வருவதாக ஏற்பாடு. ஒருத்தி இசக்கியம்மாள், கடைத்தெருவில் டீக்கடை வைத்திருப்பவள். இன்னொருத்தி ரஹ்மத் பீவி, பிரியாணிக்குப் பேர்போனவள். வியாழக்கிழமை ஒத்திகைக்கு வந்தார்கள். செண்பகவல்லி நோட்டை விரித்துப் படித்தாள்.

இசக்கியம்மாள் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "மில்லி எல்லாம் நமக்கு எதுக்கு? கப்புல சொல்லுங்க" என்றாள்.

செண்பகவல்லி போனைத் தட்டிப் பார்த்தாள். ஒரு கப் என்றால் இருநூற்று நாற்பது மில்லி என்றது ஓரிடம். இருநூற்றைம்பது என்றது இன்னோரிடம். இருநூறு என்று ஒரு நாடு, அரிசிக்கு மட்டும் நூற்றெண்பது என்று மற்றொன்று. அவளுக்கு எரிச்சல் வந்தது. உலகத்துக்கே ஒரு மில்லி ஒரே மில்லிதான். கப்புக்கு மட்டும் என்ன இத்தனை கொழுப்பு? கடைசியில் பல பேர் சொன்னது என்று இருநூற்று நாற்பதை வைத்துக்கொண்டு வகுத்தாள்.

"எழுதிக்கோங்க. பால் பன்னிரண்டரைக் கப். சர்க்கரை ரெண்டு கப்பும் நாலு டீஸ்பூனும். அரிசி ஒரு கப்பும் ரெண்டு டீஸ்பூனும்."

"அந்த ரெண்டு ஸ்பூன் அரிசி எதுக்கு?" என்றாள் ரஹ்மத் பீவி.

"கணக்குக்கு."

"அது இல்லேன்னா கணக்குக்குப் பசிக்குமோ?"

இசக்கியம்மாள் சிரித்தாள். செண்பகவல்லி சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு ஆசிரமத்தின் கணக்குப் பார்க்கிற அறையில் வேறு வேலை இருந்தது. கணக்கை ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து மூடியைத் திறந்தாள். பாயசத்தில் நட்டுவைத்த கரண்டி சாயாமல் நின்றது.

"என்ன செஞ்சீங்க?"

"நீங்க எழுதின மாதிரிதான்" என்றாள் ரஹ்மத் பீவி. "அரிசியும் சர்க்கரையும் நான் போட்டேன். பாலு இவ ஊத்தினா. பன்னெண்டரை. நானே எண்ணினேன்."

"எந்தக் கப்புல?"

ரஹ்மத் பீவி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த எனாமல் மக்கைக் காட்டினாள். இசக்கியம்மாள் இடுப்பில் செருகியிருந்த டீ கிளாஸை எடுத்து நீட்டினாள். மக் கிளாஸுக்கு இரட்டிப்பு இருந்தது.

செண்பகவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு நாள் வேலை. மூன்று நாளில் கல்யாணம். என் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள்தான்.

"ஒரு கப்புன்னா ஒரு அளவு இருக்கு! கையில கிடைச்சதெல்லாம் கப்பா?" என்று கத்திவிட்டாள்.

சத்தம் கேட்டு அடிகள் வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். நின்ற கரண்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது அசையவில்லை.

"கத்தி இருக்கா?" என்றார்.

ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துத் தின்றார். "நல்லா இருக்கு. இதுக்குப் பேர் என்ன?"

இசக்கியம்மாளுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. ரஹ்மத் பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். செண்பகவல்லி மட்டும் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, எது சரியான கப்? அதைச் சொல்லுங்க. அதையே வாங்கிட்டு வந்து வச்சிடறேன்."

அடிகள் இன்னொரு துண்டு வெட்டினார்.

"நாளைக்கு உங்க குவளையை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போங்க. வீட்டுக்கு வீடு கேளுங்க."

"என்னன்னு?"

"உங்க கப்பைக் காட்டுங்கன்னு."

வெள்ளிக்கிழமை காலை செண்பகவல்லி ஊருக்குள் இறங்கினாள். முதல் வீட்டில் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவர்கள் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ஊற்றி அளந்தாள். இருநூற்றுப் பதினைந்து. அடுத்த வீட்டில் பிளாஸ்க் மூடி. நூற்று இருபது. அதற்கடுத்த வீட்டில் கயிறு இழுக்கும் போட்டியில் பரிசாக வந்த பீங்கான் கோப்பை. முந்நூற்று முப்பது. ஒரு வீட்டில் அரிசி குக்கரோடு வந்த கப், நூற்றெண்பது. ஒரு வீட்டில் இழைத்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி.

பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் அவள் பின்னால் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது. யார் வீட்டுக் கப் பெரியது என்று பந்தயம் வேறு. "மருந்தம்மா, எங்க வீட்டுக்கு வாங்க" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கொட்டாங்குச்சிக்காரி ஐந்து மில்லியில் தோற்றுப்போனாள். "ஓரத்துல நிறையல, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று சண்டைக்கு வந்தாள். செண்பகவல்லி தன்னை மறந்து சிரித்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு உள்ளே அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

ரஹ்மத் பீவி வீட்டில் பிரியாணி வாசனை வந்தது. அவள் அரிசியை எனாமல் மக்கில் அளந்து போட்டாள். பின் அதே மக்கில் தண்ணீரையும் அளந்தாள். மக் சரியாக முந்நூறு.

"எவ்வளவு தண்ணி?" என்றாள் செண்பகவல்லி.

"ஒண்ணுக்கு ஒண்ணரை."

"ஒண்ணுன்னா எவ்வளவு?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். எம் மருமக அவ வீட்டுல சின்னத் தம்ளர்ல வைப்பா. அவளுக்கும் ஒண்ணுக்கு ஒண்ணரைதான்."

செண்பகவல்லி நோட்டைத் திறந்தாள். இருநூற்றைம்பது, மூவாயிரம், ஐந்நூறு. இத்தனை நாளாக அவள் கண்ணெதிரேதான் இருந்தது. ஒன்று, பன்னிரண்டு, இரண்டு. அவ்வளவுதான். இருநூற்று நாற்பதால் வகுத்து, அரையும் ஸ்பூனும் சேர்த்து, அவளேதான் அதைக் குழப்பியிருந்தாள்.

"எந்தக் கப்பா இருந்தாலும் சரி. ஒரே கப்பா இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"இதைத்தானே இப்ப சொன்னேன்" என்றாள் ரஹ்மத் பீவி.

மில்லியையே விட்டுத் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது செண்பகவல்லிக்கு. தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. குவளையைக் கவிழ்த்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். இசக்கியம்மாள் வீடு ஒன்றுதான் பாக்கி. நேற்றுக் கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நுழைந்தாள்.

இசக்கியம்மாள் டீக்கடையில் இருந்தாள். அவள் மருமகள் செல்வக்கனி, மூன்று வயது மகளை மடியில் கிடத்தி வைத்திருந்தாள். குழந்தைக்குக் காலையிலிருந்து காய்ச்சல். மருந்து பாட்டிலை அப்போதுதான் திறந்திருந்தாள். ஒரு கரண்டியில் நிறைய மருந்தை ஊற்றிக் குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள்.

"நில்லும்மா!"

செல்வக்கனி திடுக்கிட்டாள். கரண்டி பாதி வழியில் நின்றது.

"எவ்வளவு குடுக்கச் சொன்னாங்க?"

"ஒரு ஸ்பூன்னு சொன்னாங்க, மருந்தம்மா."

மருந்துச் சீட்டில் ஐந்து மில்லி என்று எழுதியிருந்தது. செண்பகவல்லி பையிலிருந்து குவளையை எடுக்கப்போனாள். அது பெரியது, இதற்கு உதவாது. "பாட்டிலோட ஒரு சின்ன மூடி வந்திருக்குமே, கோடு போட்டது. எங்கே?"

குழந்தை மடியிலிருந்து விரலை நீட்டியது. முற்றத்து மூலையில் மண் சோறும் இலைக் குழம்பும் ஆக்கி வைத்திருந்தாள். அந்த மூடிதான் அவள் அரிசி அளக்கிற கப்.

செண்பகவல்லி அதைக் கழுவிக் கொண்டுவந்து, கரண்டி மருந்தை அதில் ஊற்றினாள். ஐந்தைத் தாண்டியது. பத்தையும் தாண்டியது. பதினொன்றில் நின்றது.

செல்வக்கனி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, ரெண்டு மடங்குக்கு மேல."

"இன்னும் குடுக்கல இல்ல? ஒண்ணும் ஆகலை. பயப்படாத" என்று செண்பகவல்லி சொன்னாள். முப்பத்து நான்கு வருடம் அந்த ஜன்னலில் நின்று, எத்தனை ஆயிரம் பேரிடம் "ஒரு ஸ்பூன் குடு" என்று சொல்லியிருப்பாள்! உள்ளே அவள் சொட்டு பிசகாமல் அளந்தாள். வெளியே நின்றவர்களிடம், உன் வீட்டு ஸ்பூன் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஐந்து மில்லிக் கோடுவரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினாள். கோட்டைச் செல்வக்கனிக்குக் காட்டி, மறுவேளைக்கு அவளையே தண்ணீர் ஊற்றி அளந்து காட்டச் சொன்னாள். மூன்று தடவையும் அவள் சரியாக நிறுத்தினாள். குழந்தை மருந்தைக் குடித்துவிட்டு, தன் கப் போய்விட்டதே என்று அழுதது. அரிசி அளக்க அதற்கு காலி டப்பா ஒன்று கிடைத்த பிறகே ஓய்ந்தது.

செண்பகவல்லி ஆசிரமத்துக்கு மேடேறி வந்தபோது அடிகள் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"காய்ச்சல் விட்டுதா?" என்றார் அவர்.

"குறைஞ்சிருக்கு. தூங்கறா."

"சரி."

"சாமி, மில்லிதான் சரின்னு இருந்தேன். பாயசம் கல்லாப் போச்சு. கப்புதான் சரின்னு மில்லியை விட்டேன். விட்ட கொஞ்ச நேரத்துல ஒரு குழந்தைக்கு மருந்து ரெண்டு மடங்காப் போகப் பாத்துது. நான் எதைப் பிடிச்சுக்கணும், எதை விடணும்?"

அடிகள் மாட்டின் கழுத்தைத் தடவினார்.

"ஞாயித்துக்கிழமை பந்தியில கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்பு மூட்டினார்கள். இருநூறு பேருக்குப் பாயசம். கப்பெல்லாம் போதாது என்று இசக்கியம்மாள் ஒரு பெரிய தூக்குவாளியைக் கொண்டுவந்தாள். அரிசி ஒரு தூக்குவாளி. சர்க்கரை இரண்டு. பால் ஊற்ற ஊற்ற ரஹ்மத் பீவி ஒன்று, இரண்டு என்று ராகம் போட்டு எண்ணினாள். பத்துக்கு மேல் வாசலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு என்றபோது அடுப்படியே அதிர்ந்தது.

தாலி கட்டி முடித்த கையோடு பொன்னுத்தாய் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"நான் உள்ள வரல. கையில மட்டும் ஒரு சொட்டு விடுங்க."

செண்பகவல்லி அவள் உள்ளங்கையில் ஊற்றினாள். பொன்னுத்தாய் நக்கிப் பார்த்தாள். மறுபடி கையை நீட்டினாள்.

"என்ன பொன்னுத்தாயி? ஏதாவது குறையா?"

"எம் பாயசத்தை நான் குடிச்சதே இல்ல, மருந்தம்மா. ஊத்திக் குடுத்துட்டு, சட்டியைக் கழுவத்தான் நேரம் இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லாத்தான் வச்சிருந்திருக்கேன்."

பந்தி போட்டார்கள். செண்பகவல்லி வாளியும் கரண்டியுமாக வரிசையில் இறங்கினாள். ஊரே அவரவர் வீட்டுத் தம்ளரைக் கொண்டு வந்திருந்தது. கயிறு இழுத்த வீட்டுக்காரன் பீங்கான் கோப்பையை நீட்டினான். அவன் நிறைய வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி நீட்டினான். மறுபடி ஊற்றினாள். மாப்பிள்ளையின் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. அவரும் பெரிய தம்ளர்தான் வைத்திருந்தார். அவருக்கு இரண்டு வாய்க்கு மேல் விடவில்லை. "மருந்தம்மாகிட்ட நடக்காது" என்று அவர் பெருமூச்சு விட, பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். செல்வக்கனியின் மகள் காய்ச்சல் தெளிந்து வந்திருந்தாள். அவளுக்குச் சூடு ஆற ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பல் போன ஒரு பெரியவருக்கு முந்திரியை ஒதுக்கிவிட்டு ஊற்றினாள்.

வரிசையின் கடைசியில் அடிகள் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் தம்ளரை நீட்டினார். ஊற்றினாள்.

"சாமி, பந்தியில கேக்கச் சொன்னீங்க. மில்லியா, கப்பா? எதைப் பிடிச்சுக்கணும்?"

அடிகள் பாயசத்தை ஒரு வாய் குடித்தார்.

"இந்தத் தம்ளர் எத்தனை மில்லி?"

"தெரியலை சாமி. பாக்கலை."

"அந்தக் கோப்பை?"

"பாக்கலை."

"மாப்பிள்ளையோட அண்ணன் தம்ளர்?"

"அதையும் பாக்கலை."

அடிகள் மிச்சத்தையும் குடித்து முடித்து, தம்ளரை மறுபடி நீட்டினார்.

"பின்னே எதைப் பாத்து ஊத்திக்கிட்டு வர்றீங்க?"